மாமாவின் ஏழு வெளிநாட்டுப் பெயர்கள்

என் மாமாவுக்கு ஏழு வெளிநாட்டுப் பெயர்கள் இருந்தன. பத்து வயதில் இதைத் தலையில் அடித்துச் சத்தியம் செய்யவும் நான் தயாராக இருந்தேன். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் தொடங்கும்போதெல்லாம் திரையின் இடது மூலையில் அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து போகும்.

அப்போது நாங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருந்தோம். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவுக்கு அரசு அலுவலகத்தில் வேலை. பிள்ளை முன்னேற வேண்டும் என்று அப்பா ஆசையாக வாங்கிப் போட்ட கம்ப்யூட்டரில் நான் கற்றுக்கொண்டது கார் ஓட்டுவது ஒன்றுதான். மாமா, அம்மாவின் தம்பி. இரண்டு தெரு தள்ளி ஒரு அறையில் தனியாக இருந்தார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பகுதியில் சூப்பர்வைசர். காலையில் கம்பெனி பஸ்ஸில் போனால் சாயங்காலம்தான் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பார். இந்தப் பாட்டுப் பைத்தியத்துக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று அம்மா வாரம் ஒருமுறையாவது கவலைப்படுவாள்.

அந்தக் கார் பந்தய சிடியை வேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை ஒன்றில் மாமாதான் வாங்கி வந்தார். திருட்டு சிடிதான். அந்தக் காலத்தில் எங்களுக்கு வேறு வகை சிடி இருப்பதே தெரியாது. எல்லாவற்றையும் ஒரே சிடியில் அடைப்பதற்காக, அதைத் தயாரித்த புண்ணியவான் கேமில் இருந்த பாட்டுகளை மொத்தமாக உருவிவிட்டிருந்தான். வண்டி உறுமும், டயர் கிறீச்சிடும், மோதினால் கண்ணாடி நொறுங்கும். பாட்டு மட்டும் வராது. ஆனால் பாட்டின் பெயரும் பாடியவர்களின் பெயரும் ஒழுங்காக மூலையில் வந்து போகும். மண்டப வாசலில் மணமக்கள் பெயரை எழுதி வைத்துவிட்டு, உள்ளே போனால் மேடை காலியாக இருப்பது போல.

எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. மாமாவால்தான் பொறுக்க முடியவில்லை.

"இன்னாது இது? பேர மட்டும் போட்றான், பாட்ட காணோம்?" என்று கேமின் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பாட்டுக்கென்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்குள் ஏழு கோப்புகள், ஏழிலும் ஒன்றுமில்லை. மாமா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் கீபோர்டைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கிறிஸ்துமஸ் கீதங்களுக்குப் பழக வேண்டும் என்று ஐயரிடம் சொல்லியிருந்தாராம். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். கீபோர்டிலிருந்து ஒரு வயரை எடுத்து நேராகக் கம்ப்யூட்டரின் முதுகில் செருகினார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இதெல்லாம் என் பாட்டு பாப்பா. ஃபாரின்காரன் எங்கிட்ட கேட்டு வாங்கிப் போட்டான். இந்த சிடிக்காரன் தூக்கிட்டான். நான் திருப்பி வெக்கிறேன்."

"அப்போ உங்க பேரு ஏன் வர்ல?"

"அவன் வாய்ல என் பேரு நொழையல. அதான் ஏழு பாட்டுக்கு ஏழு பேரா அவனே வெச்சிட்டான்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். "வெளிய சொல்லாத. கம்பெனி ரகசியம்."

ஏழு ஞாயிற்றுக்கிழமைகள், ஏழு பாட்டுகள். மாமாவுக்கு உண்மையான பாட்டுகள் எப்படி இருக்கும் என்று ஒரு துளியும் தெரியாது. கையில் இருந்தது திரையில் வந்த பாட்டின் பெயர் மட்டும்தான். என் பள்ளிக்கூட அகராதியை வாங்கி, பெயரில் இருந்த சொல்லுக்கு அர்த்தம் பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்குவார். வாசித்தது கம்ப்யூட்டரில் பதிவானதும், ஃபோல்டரில் காலியாக இருந்த கோப்பின் இடத்தில் அதைப் போட்டுவிடுவார். ஒன்றின் பெயரில் மழை இருந்தது. அதற்கு இடது கையால் மட்டும் பாதி நேரம் வாசித்தார். இன்னொன்றின் பெயரில் வீடு திரும்புவது பற்றி ஏதோ இருந்தது. அதை அவர் வாசித்து முடித்தபோது, டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். "டேய், இன்னொரு தபா வாசி" என்றாள். அம்மா அப்படிக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

எனக்குப் பிடித்தது ஐந்தாவது பாட்டு. அதன் தாளம் தையல் மெஷினிலிருந்து வந்தது. ஷூவின் பக்கவாட்டில் நேராகத் தைக்கும்போது மெஷின் கடகடவென்று ஓடும். கால்விரல் பக்கத்து வளைவு வந்ததும் தைக்கிற அக்கா மிதியிலிருந்து காலை மெல்ல எடுப்பாள், மெஷின் நிதானிக்கும். வளைவு தாண்டியதும் மறுபடி ஓட்டம். நாளெல்லாம் அந்தச் சத்தத்துக்கு நடுவில் நிற்கிற மாமா அதை அப்படியே பாட்டில் கொண்டுவந்துவிட்டார். கார் பந்தயமும் அதே கணக்குதானே. அந்தப் பாட்டு வரும்போது நான் ஒரு தடவைகூட வளைவில் இடித்துக்கொண்டதில்லை.

இப்போது நான் சென்னையில் கேம் தயாரிக்கிற இடத்தில் வேலை செய்கிறேன். எந்தப் பாட்டு எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று பார்ப்பதும், அந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து அனுமதி வாங்குவதும்தான் வேலை. எவ்வளவோ கேட்டாயிற்று. ஓட்டுகிற கையும் கேட்கிற காதும் ஒன்றாகிப்போவதில் அந்த ஐந்தாவது பாட்டை மிஞ்சிய ஒன்று எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. மாமா என்பதற்காகச் சொல்லவில்லை.

ஏழு பாட்டுகளும் முடிந்து வந்த புத்தாண்டு அன்று ஆம்பூரில் பெரியம்மா வீட்டில் விருந்து. பெரியப்பா தோல் கம்பெனியில் மேனேஜர், அடிக்கடி இத்தாலிக்குப் போய் வருகிறவர். பிரியாணியும் கத்தரிக்காயும் முடிந்து பெரியவர்கள் கூடத்தில் சாய்ந்திருந்தபோது, அவர்களுடைய மகன், எனக்கு அண்ணன் முறை, ஒரு பளபளப்பான டப்பாவைக் கொண்டுவந்து காட்டினான். அதே கார் பந்தயம். பெரியப்பா வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த ஒரிஜினல் சிடி.

எனக்குக் கம்பெனி ரகசியம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"இதுல வர்ற பாட்டெல்லாம் எங்க மாமா பாட்டு" என்றேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி. மாமா டீ டம்ளரோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணால் எனக்கு ஏதோ சாடை காட்டினார். நான் பார்க்காதவள் போல இருந்துவிட்டேன். பெரியப்பா சிரித்துக்கொண்டே, "அப்டியா மச்சான்? எங்களுக்குச் சொல்லவே இல்ல?" என்றார். "போட்றா, கேப்போம்" என்று மகனிடம் சொன்னார்.

கூடத்துக் கம்ப்யூட்டரில் பந்தயம் தொடங்கியது. மூலையில் மாமாவின் முதல் பெயர் வந்தது. பிறகு கிடாரும் டிரம்ஸும் கூரையைப் பெயர்த்துக்கொண்டு வந்தன. யாரோ ஒருவன் அடித்தொண்டையில் ஆங்கிலத்தில் பாடினான். எங்கள் வீட்டில் கேட்ட பாட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அண்ணன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை, விருந்து சாப்பிட்ட சந்தோஷத்தில்தான் சிரித்தார்கள். ஆனால் என் காது மடல் கொதித்தது. மாமா எழுந்து ஏதாவது சொல்வார், இது வேறு சிடி என்றாவது சொல்வார் என்று அவரையே பார்த்தேன்.

மாமா எழுந்தார். டம்ளரை வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "ஸ்ஸு, கொஞ்சம் சும்மா இருங்க" என்றார். பாட்டு முடிகிறவரைக்கும் அசையவில்லை. பிறகு அண்ணனிடம், "அடுத்தது வெய்யி தம்பி" என்றார். சட்டைப் பையிலிருந்து சர்ச்சில் கொடுத்த கீதத் தாளை எடுத்து, அதன் பின்பக்கம் அந்த ஏழு பெயர்களையும் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு பாட்டுக்கும் தலையை ஆட்டி ஆட்டி, "இன்னாமா போட்டுக்கிறான் பாரு" என்று சொன்னார். மழைப் பாட்டு வந்தபோது வாய்விட்டுச் சிரித்தார். "நான் மழ பேய்ற மாறி வாசிச்சேன். இவன் பேஞ்சு ஓஞ்ச மாறி வாசிக்கிறான்." கூடத்தில் யாருக்கும் அது புரியவில்லை. தன் பொய் சந்தி சிரித்த இடத்தில் உட்கார்ந்து இப்படி ரசிக்கிற மனிதரைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவரைவிட்டுத் தள்ளிப்போய் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அன்றைக்கு வீடு திரும்பியதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைப் போட்டேன். ஃபோல்டரைத் திறந்து ஏழு பாட்டுகளையும் அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். கம்ப்யூட்டர் வகுப்பில் அதையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கீபோர்டு இல்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததால் சர்ச்சில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது, மூலையில் பெயர் வந்தது, பாட்டு வரவில்லை.

"இன்னா பாப்பா, பாட்டக் காணோம்?"

"அழிச்சிட்டேன். அது உங்க பாட்டு இல்ல. நீங்க பொய் சொன்னீங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

வண்டி வளைவில் இடித்து நின்றது. "செரி வுடு, கேசட்ல இருக்குது" என்றார் மாமா. அம்மாவிடம் தண்ணீர் கேட்டு வாங்கி, சொம்பு காலியாகும்வரை குடித்தார். பிறகு பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, ஒரிஜினல் பாட்டுகள் எப்படியெல்லாம் இருந்தன என்று ஒவ்வொன்றாக வாயாலேயே வாசித்துக் காட்டினார். நானும் சீக்கிரமே சமாதானமாகிவிட்டேன். அதுதான் கேசட்டில் இருக்கிறதே. அடுத்த மாதம் அண்ணனின் சிடியை இரவல் வாங்கி வந்ததும் எங்கள் வீட்டிலும் அந்தக் கிடார் பாட்டுகளே ஓடத் தொடங்கின.

போன வருடம் எங்கள் கேம் ஒன்றில் மலைப்பாதையில் பைக் ஓட்டுகிற கட்டம் வந்தது. ஏலகிரிக்கு ஏறுகிற மாதிரி கொண்டை ஊசி வளைவுகள். எத்தனையோ பாட்டுகளைப் போட்டுப் பார்த்தோம், எதுவும் உட்காரவில்லை. திடீரென்று ஐந்தாவது பாட்டு நினைவுக்கு வந்தது. சொந்தக்காரரைத் தேடி அலையவும் வேண்டாம். அன்றைக்கே மாமாவுக்குப் போன் செய்தேன்.

"மாமா, அந்தக் கேசட்ட எடுத்து வைங்க. இந்தத் தடவ உங்க பேரையே போட்றேன்."

"இன்னா கேசட்டு, பாப்பா?" என்றார் மாமா.

கீபோர்டிலிருந்து போன அந்த வயர் என் கண்முன் வந்தது. அது நேராகக் கம்ப்யூட்டருக்குத்தான் போனது. கேசட்டில் பதிவு செய்கிற எதுவும் எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.