வழிமொழிய ஆளில்லை

போன கிழமை எங்கள் பழைய மாணவர் சங்கச் செயலாளர் சைக்கிளில் வந்து இறங்கினார். பொதுக்கூட்டம் வருகிறதாம்.

"கட்டாயம் வாங்கோ அண்ணை. புது அங்கத்தவரும் சேருகினம்" என்றார். தேத்தண்ணி கொடுத்தேன். வாறன் என்று மட்டும் சொல்லவில்லை.

ஏன் என்கிறீர்களா? போன கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்த ஆசிரியர் ஒரு கிழமை லீவில், ஊரை விட்டு வெளியே போவதற்கான பாஸ் எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனார். போனவர்... இப்போது கனடாவில் நிற்கிறாராம். அவரும் எங்கள் பழைய மாணவர்தான். சோதனை ஆவணியில். பாடம் பாதியில்.

அதிபர், பாவம், அதைத்தான் கூட்டத்தில் வைத்தார். "கல்வித் திணைக்களத்தார் புது ஆளை இப்போதைக்கு அனுப்பமாட்டினம். உங்களிலை ஆராவது கிழமைக்கு ரெண்டு பின்னேரம் வந்தால் போதும்" என்றார்.

சபையில் இருந்தவர்கள் சாமானியர்களா? நீர்ப்பாசனக் கந்தோர் என்ஜினியர் குகதாசன் இருந்தார். வங்கிக்காரர் இருந்தார். மோட்டார் சைக்கிளில் திரிகிற தொண்டு நிறுவன அதிகாரி இருந்தார். எல்லோரும் இதே பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படித்து கம்பஸ், அதுதான் பல்கலைக்கழகம், போனவர்கள். நான் கலைப் பிரிவு. பௌதிகப் புத்தகத்தைத் திறந்தும் பார்த்தவனில்லை.

எங்கள் சங்கத்தில் எதையும் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். தேத்தண்ணி கொடுப்பதற்குக்கூட! நான் எழும்பி, குகதாசன் படிப்பிக்க வேண்டும் என்று முன்மொழிந்தேன். வழிமொழிய ஒரு கைகூட எழும்பவில்லை. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அதில் பாதி ஓடுகள் இல்லை; வானம் தெரிந்தது.

"எனக்கு விருப்பம்தான் அண்ணை" என்றார் குகதாசன். "கந்தோர் வேலையோடை ஏலாது. பேந்து பிள்ளையள் பெயிலானால் பழி என்ரை தலையிலை."

அடுத்த விஷயம், மண்டபத்தில் தொங்கும் கௌரவப் பலகை. கம்பஸ் போனவர்களின் பெயர்கள் மங்கிவிட்டனவாம். பொன்னிறப் பெயின்ற் தேடியெடுத்துப் புதிதாக எழுத வேண்டுமாம். முன்மொழிந்தவர் குகதாசன். வழிமொழிய நாலு பேர் போட்டி போட்டார்கள்.

அப்போதுதான் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்ற பிள்ளை வாய் திறந்தாள். பெயர் நிரோஜா. உயர்தர வகுப்பு, என்ஜினியராக வர வேண்டும் என்று கிடந்து படிக்கிறவள்.

"சேர், எங்களுக்கு முழுப் பாடமும் வேண்டாம். மின்னியலை மட்டும் ஆராவது சொல்லித் தாங்கோ. மிச்சத்தை நாங்களே பாத்துப் படிப்பம்."

கரண்டே இல்லாத ஊரில் மின்னியல் படிக்க ஒரு பிள்ளை கெஞ்சுகிறாள்... சங்கத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, சங்கத்துக்கு விதி இருக்கு. யாப்பின்படி இதிலை பழைய மாணவர்தான் கதைக்கலாம். நீர் இப்ப படிக்கிற பிள்ளையெல்லோ? பள்ளிக்கூடத்தை விட்டு வெளியாலை வந்தாப் பிறகு வந்து கதையும்."

சிலர் சிரித்தார்கள். அவள் தட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

படித்தவர்கள் ஊரை விட்டுப் போகிறார்களே என்று இந்தப் பத்திரிகைப் பத்தியில் எத்தனை தரம் புலம்பியிருப்பேன்! போகாமல் இருப்பவர்களால் மட்டும் என்ன கண்டோம்? கனடாக்காரர் ஒரேயடியாகப் போனார். இவர்கள் இங்கேயே இருந்துகொண்டு போய்விட்டார்கள். பலகையில் இப்போது எல்லோருடைய பெயரும் ஒன்றாக மினுங்குகிறது.

செயலாளர் தேத்தண்ணி குடித்து முடித்தார். சும்மா கேட்டுவைத்தேன்: "ஆர் அந்தப் புது அங்கத்தவர்?"

"நிரோஜா எண்டு ஒரு பிள்ளை. பௌதிகம் இல்லாமல் என்ன சோதனை எண்டு படிப்பை விட்டிட்டுது. இப்ப தாயோடை வயலுக்குப் போகுது."

அப்படியானால் சரி. யாப்பின்படி இனி அவள் தாராளமாகக் கதைக்கலாம்.