அந்த ஃபைலைச் சரிபார்த்தவர் அருள்தாஸ் அல்ல

அருள்தாஸ் அண்ணா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, வைட்ஃபீல்ட் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களுக்கு நான் அவருடைய வார்த்தைகளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "அங்கே பள்ளிக்கூடம் திறக்கிற நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். டிகிரி கைக்கு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்" என்று சொல்லிமுடிக்கும்போது மேஜைமேல் கைப்பேசி அதிர்ந்தது. முன்பு எங்களோடு வேலை பார்த்த ஒருத்தி அனுப்பியிருந்தாள். காலையில் கே.ஜி.எஃப். வீட்டில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீதி இருபது நிமிடமும் பேசினேன். முடிந்ததும் ஒரு மாணவி வந்து, "ரொம்ப கிளியரா சொன்னீங்க மேம்" என்றாள். இதெல்லாம் இன்னொருவர் சொன்னது என்று அப்போதும் என் வாயிலிருந்து வரவில்லை.

அவரிடம் ஃபைல் கொடுத்து வெளிநாடு போனவர்கள் சேர்ந்து அவர் நினைவாக ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். "அவரோட பக்கத்து சீட்ல இருந்தவங்க நீங்கதான், ரெண்டு பக்கம் எழுதுங்க" என்று கேட்டார்கள். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்லூரி முடிக்கப்போகிற பிள்ளைகளை வியட்நாம், தாய்லாந்து பள்ளிகளுக்கு ஆங்கில ஆசிரியர்களாக அனுப்பும் ஒரு சின்ன அலுவலகம் எங்களுடையது. பிள்ளைகளிடம் பேசி விண்ணப்பம் போடவைப்பது என் வேலை. அவர்களுடைய காகிதங்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. நான் சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னைக் 'கலாம்மா' என்பார். நான் 'அண்ணா' என்பேன்.

தினமும் கே.ஜி.எஃப்.பிலிருந்து ரயிலில் வருவார். அவர் படித்து முடிக்கும் சமயத்தில் மாலத்தீவுப் பள்ளி ஒன்றுக்கு ஆள் எடுத்தார்களாம். அவருக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் "முதலில் பாஸ் பண்ணு, மார்க்ஸ் கார்டு வரட்டும், அப்புறம் போடலாம்" என்று வீட்டில் சொல்ல, இவரும் காத்திருந்திருக்கிறார். மார்க்ஸ் கார்டு வந்தபோது அங்கே வகுப்புகளே ஆரம்பித்திருந்தன. "மாலத்தீவுக்குப் போக வேண்டியவன், டெய்லி ரயில்ல மாலூர் தாண்டி வந்துக்கினு இருக்கேன்" என்று அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் எந்தப் பிள்ளையாவது "டிகிரி வந்ததும் அப்ளை பண்றேன் சார்" என்றால் அந்தச் சிரிப்பு போய்விடும்.

அப்படி வந்த ஒரு பையனை அவர் உட்காரவைத்தது நினைவிருக்கிறது. சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி அவன் முன்னால் போட்டார். "இன்னா மாசம் ஸ்கூல் தெறக்குது?" "செப்டம்பர் சார்." "சரி, பின்னாடி எண்ணு. வொர்க் பர்மிட்டுக்கு ஒரு மாசம். சர்டிபிகேட்ல கவர்மென்ட் முத்திர வாங்குற அட்டஸ்டேஷனுக்கு ஒரு மாசம். அவன் இன்டர்வியூ வெச்சு ஆள எடுத்து முடிக்கிறது ஏப்ரல். அப்போ நீ எப்போ அப்ளை பண்ணணும்?" பையன் விரல்விட்டு எண்ணி, "ஜனவரி" என்றான். "எக்ஸாம் எப்போ?" "மே, ஜூன்." "எக்ஸாமே எழுதாம அப்ளை பண்ணலாமான்னுதானே பாக்குற? பண்ணலாம். ஜூன்ல முடிப்பான்னு காலேஜ்ல ஒரு லெட்டர் வாங்கிக்கினு வா, போதும்." கையோடு இன்னொன்றும் சொன்னார். "அப்ளிகேஷனுக்கு அவசரப்படு. போலீஸ் பேப்பருக்கு அவசரப்படாத."

இந்த இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். எல்லாக் காகிதமும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. பட்டச் சான்றிதழ் கடைசியில் வரும். குற்ற வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் தரும் கிளியரன்ஸோ, எடுத்து ஆறு மாதத்துக்குள் அந்த நாட்டு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே எடுத்துவைத்தால், பட்டம் வருவதற்குள் அது செத்துப்போகும். ஆகவே விண்ணப்பம் ஜனவரியில், போலீஸ் காகிதம் பரீட்சை சமயத்தில் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பழக்கம் இருந்தது. அலுவலகக் கூரியர் பத்து மணிக்குப் போய்விடும். ரயில் தாமதமானால் அவரால் வந்து சேர முடியாது. அன்று நான் அவரைக் கூப்பிட்டு ஃபைலை ஒவ்வொரு தாளாகப் படித்துக் காட்டுவேன். கூட்டத்தில் நின்றபடி கேட்டுக்கொண்டு, "அப்பா பேரு ஸ்பெல்லிங் சொல்லு", "பாஸ்போர்ட் என்னைக்கு முடியுது?" என்பார். எல்லாம் சரியென்றால் "போடு" என்பார். ஃபைல்மேல் உள்ள சீட்டில், சரிபார்த்தவர் என்ற இடத்தில், அவருடைய இனிஷியலை நான் போடுவேன். அந்தச் சீட்டில் தேதி எழுதும் வழக்கம் கிடையாது. இனிஷியல் இருக்கிற ஃபைலை அவர் மறுபடி திறக்கவும் மாட்டார். அவ்வளவு நம்பிக்கை என்மேல்.

நாலு வருடத்துக்கு முன், கிறிஸ்துமஸுக்கு அவர் பத்து நாள் விடுப்பில் போயிருந்தார். புது வருடத்துக்குள் எல்லா ஃபைலும் முழுசாக இருக்க வேண்டும் என்று ஓனர் ஆசைப்பட்டார். எனக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. டீம் லீடர் பதவி எனக்கா இன்னொருத்திக்கா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வருடப் பிள்ளைகள் எல்லோரையும் டிசம்பர் கடைசி வாரத்திலேயே போலீஸ் கிளியரன்ஸ் எடுக்கச் சொன்னேன். காகிதம் வந்ததும் ஃபைலில் வைத்து, சீட்டில் அவர் இனிஷியலைப் போட்டேன். அவரைக் கூப்பிடவில்லை. பண்டிகை நேரத்தில் தொந்தரவு வேண்டாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், கூப்பிட்டால் 'வேணாம்மா' என்பார் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

ஜூலை நடுவில், பட்டம் முடித்ததற்கான புரொவிஷனல் சர்டிபிகேட்டுகள் வந்தன. எல்லோருடைய போலீஸ் காகிதமும் காலாவதியாகியிருந்தது. மற்றவர்கள் ஓடியாடிப் பத்து நாளில் புதிதாக எடுத்துவிட்டார்கள். பவித்ராவால் முடியவில்லை. பொம்மனஹள்ளியில் இருந்த அவள் குடும்பம் நடுவில் வேறு வாடகை வீட்டுக்கு மாறியிருந்தது. புது விலாசத்துக்குப் போலீஸ் வந்து விசாரித்துப் போவதற்குள், அந்த வியட்நாம் பள்ளி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. தெருவெல்லாம் சொல்லி, பெட்டியும் வாங்கி வைத்திருந்த பெண் அவள்.

ஓனர் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். ஃபைலைத் தூக்கி மேஜைமேல் போட்டு, "யார் செக் பண்ணது இது?" என்றார். அண்ணா அந்தச் சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் இனிஷியலுக்குக் கீழே எப்போதும் ஒரு கோடு இழுப்பார். நான் இழுக்கமாட்டேன். அது யார் போட்டது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நொடி போதும். நான் சொல்லிவிடுவேன் என்று அவர் காத்திருந்தாரோ என்னவோ. நான் ஃபைலை எடுத்துத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் சீட்டை வைத்துவிட்டு, "நான்தான் சார். கவனிக்காம உட்டுட்டேன்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வந்ததும் பின்னாலேயே ஓடினேன். "அண்ணா, அது..." என்று ஆரம்பித்தேன். "லீவுக்குப் போறவன் நான்ல சொல்லிட்டுப் போயிருக்கணும்? உடும்மா. அந்தப் பொண்ணுக்கு ஜனவரில சேர்ற மாதிரி ஸ்கூலு இருக்குதான்னு பாரு மொதல்ல" என்றார். பார்த்தேன். அதைச் செய்ததே பரிகாரம் என்று என்னை ஏமாற்றிக்கொள்ளவும் செய்தேன்.

மறுநாள் பவித்ராவின் அப்பா வந்தார். கார்மென்ட்ஸ் கம்பெனித் தொழிலாளி, அரைநாள் லீவு போட்டு வந்திருந்தார். எல்லோர் முன்னாலும் அண்ணாவைப் பார்த்துச் சத்தம் போட்டார். "உன் பொண்ணா இருந்தா இப்பிடி உட்டிருப்பியா? சொல்லுய்யா! ஒரு தேதியப் பாத்து வேல செய்யத் தெரியாதா உனக்கு?" அண்ணா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தப்புதாங்க" என்றார். இரண்டு முறை சொன்னார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எழுந்து போவதற்கு எட்டடி தூரம்தான். எழவில்லை.

அந்த மாதமே அவரை அத்திபெலே கிளைக்கு மாற்றினார்கள். அங்கே காகிதம் பார்க்கும் வேலை இல்லை, விசாரிக்க வருபவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்கிற வேலை. ரயிலைவிட்டு இறங்கி இரண்டு பஸ் மாற வேண்டும். நாலு மாதம் தாங்கினார். பிறகு வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மென்ட் ஆபீஸில் உட்கார்ந்து, தண்ணீர் வரவில்லை, லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களை எழுதிக்கொண்டிருந்தார். பவித்ரா ஜனவரியில் வியட்நாம் போனாள். நான் டீம் லீடர் ஆனேன்.

போன வருடம் மெட்ரோ நிலையத்தில் அவரைப் பார்த்தேன். கழுத்தில் அந்த அபார்ட்மென்டின் அடையாள அட்டை. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "கலாம்மா! குழந்த எப்படி இருக்குது?" என்றார். "நல்லாருக்கான் அண்ணா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ஃபைல் விஷயம்..." என்றேன். "இன்னா ஃபைலு? பசங்களுக்கு இப்பவாச்சும் ஜனவரிலயே அப்ளை பண்ணச் சொல்றியா இல்லியா?" என்றார். "சொல்றேன் அண்ணா." "அது போதும்." அவர் பேச்சை மாற்றியது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அடுத்த முறை வீட்டுக்கே போய்ச் சொல்லலாம் என்று வண்டி ஏறினேன். வண்டியில் உட்கார இடம் கிடைத்ததில் சந்தோஷப்பட்டதுகூட நினைவிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்துக்குப் போனேன். கல்லறையில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பொறுமைசாலி, பொறுப்பானவர் என்று பேசிவிட்டு நகர்ந்தேன். அன்று சாயங்காலம் பழைய மாணவர்களின் வாட்ஸாப் குழுவில் பவித்ரா எழுதியிருந்தாள். "என் ஃபைல்ல சார் பண்ண தப்ப நான் அப்பவே மன்னிச்சிட்டேன். நல்ல மனுஷன்." கீழே எத்தனையோ பேர் கைகூப்பியிருந்தார்கள். கைகூப்பியவர்களில் நானும் ஒருத்தி.

பவித்ரா, நீ மன்னிக்க வேண்டிய ஆள் அவரில்லை. நான்தான். உன் அப்பாவிடமும் சொல். இதை எங்கள் ஓனருக்கும் அனுப்பியிருக்கிறேன். அவர் என்ன செய்தாலும் சரி.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் போன ஞாயிற்றுக்கிழமை கே.ஜி.எஃப். போனேன். அவர் மனைவி ஜோஸ்பின் அக்காவிடம் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அக்கா அழவில்லை. நான் முடித்ததும், "அது நீங்கன்னு அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்க்கா. அந்தச் சீட்டப் பாத்ததுமே தெரியும்."

"எங்கிட்டயும் நான்தான் கவனிக்கலன்னுதான் சொன்னாரு." அக்கா தொடர்ந்தார். "அத்திபெலேல இருந்து வந்து காலப் புடிச்சிக்கினு உக்காருவாரு. உங்க கவனக்கொறவுக்கு நீங்களே அனுபவிங்கன்னு சொல்லுவேன். அந்த அபார்ட்மென்ட் வேலைக்குப் போனப்பவும் விடல. மூணு வருஷமா, சண்ட வந்தா மொதல்ல இதத்தான் எடுப்பேன். ஒரு வாட்டிகூட வாயத் தெறக்கல அந்த மனுஷன்."

கிளம்புகையில் அக்கா வாசல்வரை வந்தார். என்னைத் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஒரு மாசம் முன்னாடி வந்து சொல்லியிருக்கக் கூடாதா கலா? நான் அவருகிட்ட மன்னிப்பு கேட்டிருப்பேனே."

அருள்தாஸ் அண்ணாவின் நினைவாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று புத்தகம் போடுகிறவர்கள் எல்லோரையும் கேட்டிருக்கிறார்கள். எப்போது எதைச் செய்ய வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்ததை வைத்துத்தான் நான் இன்றும் சம்பாதிக்கிறேன். அதோடு இனி, ஜோஸ்பின் அக்கா கேட்ட இந்தக் கேள்வியையும் வைத்துக்கொள்கிறேன். வேறு எதையும் எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.