பிப்ரவரி முப்பதுக்கு ‘ம்’ சொன்னேன்

“பிப்ரவரி முப்பது, ஞாயிறு, தேய்பிறை பஞ்சமி, ராகு காலம் நாலரை டு ஆறு” என்று பேச்சியம்மாள் வாசித்தாள். நான் “ம்” என்றேன். கையிலிருந்த அச்சுப்படியில் மார்ச் ஒன்றாம் தேதித் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சரிக் குறியும் போட்டேன்.

எனக்குள் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்பதற்கு என் கண்ணில் பட்ட முதல் அறிகுறி அதுதான். அதை அறிகுறி என்று ஏற்றுக்கொள்ள எனக்கு வெகுநாள் ஆனது. அதுவரை நான் பேச்சியம்மாளைத்தான் சந்தேகப்பட்டேன்.

கோவில்பட்டியில் ஒரு சிறிய அச்சகத்தில் தினசரிக் காலண்டர் தாள்களுக்குப் பிழை பார்ப்பது என் வேலை. பஞ்சாங்கத்திலிருந்து தயாரித்த மூலப்படியை ஒருவர் சத்தமாக வாசிப்பார். மற்றவர் அச்சுப்படியில் விரல் வைத்துப் பின்தொடர்ந்து, சரியென்றால் ‘ம்’ சொல்வார். வாசிப்பது நாலாட்டின்புதூரிலிருந்து பஸ்ஸில் வரும் பேச்சியம்மாள். ‘ம்’ சொல்வது நான். பல வருஷமாக இதுதான் ஏற்பாடு.

தொடர்ந்து கேட்டால் காது மரத்துவிடும். அதனால் வாசிப்பவர் நடுவில் ஒரு பொய்யைச் செருகுவது எங்களுக்குள் வழக்கம். எதிரில் இருப்பவர் விழித்திருக்கிறாரா என்று பார்க்கத்தான். பேச்சியம்மாளுக்கு அதில் தனி ருசி. “ஆடி ஒண்ணு, முதலாளி சம்பளம் கூட்டும் நாள், அரசு விடுமுறை” என்று முகம் மாறாமல் வாசிப்பாள். நான் உடனே பென்சிலைத் தட்டுவேன். “அண்ணாச்சிகிட்ட ஒரு எறும்புகூடத் தப்பிக்க முடியாது” என்று சிரிப்பாள்.

அன்று அவள் சிரிக்கவில்லை.

“அண்ணாச்சி, பிப்ரவரி முப்பது எந்த ஊருல வருது?”

“நீ அப்படி வாசிக்கலையே.”

“நான் வாசிச்சேன். நீங்க ‘ம்’ன்னீங்க.”

“நீ மார்ச் ஒண்ணுன்னு வாசிச்சே. எனக்குக் காது இருக்கு.”

அவள் தலையைக் குனிந்து மார்ச் ஒன்றிலிருந்து மறுபடி வாசித்தாள். தவறு செய்தவள் மறைக்கிறாள் என்று நான் முடிவு செய்தேன்.

இந்த இடத்தில் சற்றுப் பின்னால் போக வேண்டும். நாற்பது வயதில்தான் எனக்கு ஆட்டிசம் (மூளையின் வளர்ச்சியிலேயே அமைந்துவிடும் வேறுபாடு, நோய் அல்ல) இருப்பது உறுதியானது. அதுவரை வீட்டிலும் வெளியிலும் எனக்குக் கிறுக்கு, கறார், தலைக்கனம் என்று பல பெயர்கள். எந்த வருஷம் எந்தக் கிழமையில் முதல் கோடைமழை பெய்தது, எந்தத் திரையரங்கு எந்த மாதம் மூடப்பட்டது என்று கேட்டால் சொல்வேன். ஆனால் அச்சு இயந்திரம் ஓடும்போது ஒரு போன் அடித்தால் என் பெயரே எனக்கு மறந்துவிடும். இதைப் புலன் மிகையுணர்வு (ஒலி, ஒளி, தொடுகை அளவுக்கு மீறித் தாக்குவது) என்று மருத்துவர் சொன்னார். வீட்டிலும் சத்தம்தான். என் மனைவி செல்விக்கு ஊர் புதியம்புத்தூர். அங்கிருந்து வெட்டிய துணிக்கட்டுகளை வாங்கிவந்து வீட்டில் மோட்டார் தையல் இயந்திரத்தில் தைப்பாள். அந்த மோட்டார் என் பற்களுக்குள் ஓடுவதுபோல இருக்கும்.

பெயர் தெரிந்ததும் படிக்க ஆரம்பித்தேன். கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பது என் பழக்கம். என்னைப் போன்றவர்கள் இணையத்தில் எழுதுவதைப் படித்தபோது, கஞ்சா எடுத்தால் இரைச்சல் அடங்குகிறது, கவனம் கூர்மையாகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். எதிராக எழுதியவர்களும் இருந்தார்கள். அவர்களை நான் நம்பவில்லை. சட்டத்துக்குப் பயந்து எழுதுகிறார்கள் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சந்தேகிக்கும் நான், எனக்குப் பிடித்த பதிலை மட்டும் சந்தேகிக்கவில்லை.

அது எனக்கு எப்படிக் கிடைத்தது என்று எழுதப்போவதில்லை. அதனால் யாருக்கும் பயனில்லை.

முதல் சில வாரங்களைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். இரைச்சல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. இயந்திரம் ஓடியது, என் மேல் ஓடவில்லை. ஒரு தாளை எடுத்தால் அதன் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. மற்றவர்களுக்குப் பிறவியிலேயே கிடைத்தது எனக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் புகைத்தேன். இதே நிலையில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு அந்த நிம்மதி தெரிந்திருக்கும். அது பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் பிப்ரவரி முப்பதுக்குப் பிறகு எனக்குப் புதிய கவனம் ஒன்று வந்தது. பேச்சியம்மாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் பார்த்து முடித்த தாள்களை எடுத்துப் புரட்டுகிறாள். நான் உள்ளே வந்தால் மூடுகிறாள். முதலாளி அறைக்கு ஒரே நாளில் இருமுறை போகிறாள். கணினியில் பிழை திருத்தப் பழகுகிறாள். என் நாற்காலிக்கு ஆசைப்படுகிறாள் என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது.

ஒரு நாள் வீட்டுக்குச் சீக்கிரம் வந்தேன். தையல் இயந்திரம் ஓடவில்லை. செல்வி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“அவிய கிட்ட இப்ப சொல்லாண்டாம் பேச்சியக்கா. கோவத்துல இருக்காவ. ஞாயித்துக்கிழமை நீங்க வாங்க.”

நான் வந்ததைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டாள். “யாரு?” என்றேன். “துணி விஷயம்” என்றாள். இரண்டு பெண்களும் சேர்ந்து என்னைக் கவிழ்க்கிறார்கள் என்பதற்கு இனி என்ன சாட்சி வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை பேச்சியம்மாள் ஒரு பொட்டலம் கடலைமிட்டாயோடு வந்தாள். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, நான் நேராச் சொல்லுதேன். பிப்ரவரி முப்பது மொத தடவ இல்ல. சித்திரையிலருந்து பொய் போட்டுப் போட்டுப் பாக்குதேன். எல்லாத்துக்கும் ‘ம்’முங்கீங்க. ஒரு நாளு ‘இன்னைக்கு அண்ணாச்சிக்கு மொட்டை’ன்னு வாசிச்சேன். அதுக்கும் ‘ம்’.”

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என் மேல ஏதும் கோவமோன்னு நெனச்சேன்” என்றாள் பேச்சியம்மாள். “பெறவு பயந்துட்டேன். பொய்யே சிக்கலன்னா நெசமான தப்பு எத்தனை போயிருக்கும்? சாப்பாட்டு நேரத்துல நானே திரும்ப வாசிச்சேன். கார்த்திகைத் தீபம் ஒரு தாளு தள்ளி நிக்கி, அண்ணாச்சி. அது அச்சாகிப் போயிருந்தா நாலு மாவட்டத்துல வெளக்கு மாத்தி ஏத்தியிருப்பாவ.”

“முதலாளிகிட்ட எதுக்குப் போனே?”

“தாளை ஒரு வாரம் நிறுத்தி வைங்கன்னு கேக்க. உங்க பேரைச் சொல்லல. எனக்குக் கண்ணு நோவுன்னு சொன்னேன்.”

நான் நம்பவில்லை. சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே அதே காலண்டரின் இன்னொரு பிரதி கிடந்தது. அதை அவள் கையில் கொடுத்து, “இப்ப வாசி. எத்தனை பொய் வேணும்னாலும் போடு” என்றேன். அன்று காலையிலும் புகைத்திருந்தேன். மிகத் தெளிவாக இருந்தேன்.

அவள் ஒரு மாதத்தை வாசித்தாள். நான் இரண்டு இடத்தில் பென்சிலைத் தட்டினேன். முடிந்ததும், “ரெண்டு. சரிதானே?” என்றேன்.

பேச்சியம்மாள் செல்வியைப் பார்த்தாள். செல்விதான் சொன்னாள்: “ஏங்க, செவ்வாக்கெழம அடுத்தடுத்து ரெண்டு தடவ வந்துச்சு, நீங்க தட்டல. எனக்கே தெரிஞ்சுது.”

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ‘கிருத்திகை’ என்ற சொல்லில் ‘கை’யின் இரண்டு சுழிகளுக்கு நடுவே மை சற்றுப் பரவியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கவனம் என்னிடம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் அது இடம் மாறவில்லை. என் வேலையோ காதிலிருந்து கண்ணுக்கும், கண்ணிலிருந்து அடுத்த தாளுக்கும் கவனத்தைத் தூக்கித் தூக்கி வைக்கும் வேலை.

அந்த வாரமே செல்வியோடு திருநெல்வேலிக்குப் போனேன். மனநல மருத்துவரின் அறைக்கு வெளியே நடைபாதையில் காத்திருந்தபோது, இவர் போலீசுக்கு எழுதுவாரா என்ற கேள்வி மட்டுமே எனக்குள் இருந்தது. உட்கார்ந்ததும் அதைத்தான் கேட்டேன்.

“நான் வைத்தியம் பார்க்கிறவ. நீங்க என்ன எடுத்தீங்கன்னு தெரியாம எப்படிப் பார்க்கிறது?” என்றார் அவர்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் கஞ்சா என்ன செய்கிறது என்பதற்கு உறுதியான ஆய்வுகள் குறைவு என்றார். பதற்றம் குறைந்ததாகச் சிலர் சொல்வதை அவர் மறுக்கவில்லை. ஆனால் செயல்படு நினைவையும் (இப்போது கேட்டதை அடுத்த வேலை முடியும்வரை மனதில் பிடித்துவைப்பது), ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் திறனையும் அது பாதிக்கக்கூடும். இரண்டிலும் என்னைப் போன்ற பலருக்கு ஏற்கெனவே சிரமம் உண்டு. அதன் மேல் இதுவும் ஏறியிருக்கலாம் என்றார். “சந்தேகமும் அதோட சேர்ந்து வர்றது உண்டு” என்றும் சொன்னார்.

“அப்போ நான் சந்தேகப்பட்டதெல்லாம் பொய்யா?”

“எல்லாம் இல்லையே. இவங்களும் பேச்சியம்மாளும் உங்க முதுகுக்குப் பின்னால பேசினது உண்மைதானே?” என்றார். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

நிறுத்தினேன். விலகல் அறிகுறிகள் (பழகிய பொருளை விடும்போது உடம்பு காட்டும் எதிர்ப்பு) எனக்குத் தூக்கமின்மையாகவும் வியர்வையாகவும் கோபமாகவும் வந்தன. சோறு கசந்தது. அடுத்த தெருவுக்குப் போயிருந்த இரைச்சல் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. சம்மட்டி வேண்டும், இந்த மோட்டாரை உடைக்கிறேன் என்று ஒரு மதியம் கத்தினேன். செல்வி இயந்திரத்தைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப்போய் அங்கே உட்கார்ந்து தைத்தாள்.

மருத்துவர் மருந்தைவிட ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தார்: இரைச்சலைத் தாங்கப் பழகுவதைவிட, அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்கப் பழகுங்கள். நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. முதலாளியிடம் என் நிலையைச் சொல்லி, இயந்திரக் கூடத்தை விட்டு, பின்னாலுள்ள பேப்பர் குடோனில் உட்கார்ந்து பிழை பார்க்க அனுமதி கேட்டேன். புகைத்ததையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

“இனிமே அந்தச் சனியனோட உள்ள வந்தா நான் மனுசனா இருக்க மாட்டேன். தெரியுதா வே?” என்றார் முதலாளி. பிறகு, “குடோன்ல எலி கெடக்குமே” என்றார்.

“எலிக்கு மோட்டார் இல்ல முதலாளி” என்றாள் கூட வந்திருந்த பேச்சியம்மாள்.

இப்போது குடோனில் உட்காருகிறோம். குறைவாகத்தான் பார்க்கிறேன். களைத்தால் நிறுத்துகிறேன். நான் பார்த்ததை அவளும் ஒருமுறை பார்க்கிறாள். அதில் எனக்குக் கொஞ்சம் அவமானம் இன்னும் இருக்கிறது. அந்தச் சித்திரை முதல் ஆடி வரையிலான மாதங்கள் என் நினைவில் தேதி இல்லாமல் கிடக்கின்றன. மழை பெய்ததா என்றுகூட மற்றவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மனம் மிகத் தெளிவாக இருக்கும் நாளில் முதலில் அந்தத் தெளிவைத்தான் சந்தேகிக்கிறேன். பென்சில் பிடித்த விரல் வலித்து, கண் எரிந்து, கவனம் நழுவுவது எனக்கே தெரியும் நாளில் சற்று நிம்மதியாக இருக்கிறது.

சென்ற தை மாதம் செல்வியின் உறவில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள் மேளமும் ஒலிபெருக்கியும் ஒன்றாக முழங்கின. முன்பென்றால் தாலி கட்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, வீட்டில் வந்து விழுவேன். அன்று முதலில் தோள் இறுகியது. பிறகு காதுக்குப் பின்னால் சூடேறியது. என் உடம்பு சொல்லும் வரிசை இப்போது எனக்குத் தெரிகிறது. செல்வியின் கையைத் தொட்டு, “என்னால முடியல, வெளிய போறேன்” என்றேன்.

“போங்க. நான் பெறவு வாரேன்” என்றாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மண்டபத்துக்குப் பின்னால் கரிசல் காடு. உளுந்து எடுத்த நிலம், வெடிப்பு விட்டுக் கிடந்தது. ஒரு கல்லில் உட்கார்ந்தேன். தோள் தளரத் தாமதமாயிற்று. சத்தம் இங்கும் வந்தது. ஆனால் மேளம் தனியாக, ஒலிபெருக்கி தனியாக, பந்தியில் இலை போடச் சொல்லும் குரல் தனியாக வந்தது. எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கவில்லை.

செல்வி வந்து நின்றாள். “சரியாயிட்டா? உள்ள போவமா?”

என் உடம்பை ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். “இன்னும் இல்ல” என்றேன். அவள் சேலையைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.