மூன்று துளைச் சப்பாத்து

காலை பத்தேகால் மணி. ஒஸ்லோவில் மகளுக்கு டெலிமார்க் பனிச்சறுக்குச் சப்பாத்து வாங்கப் போன கடையில், முதலில் கண்ணில் பட்டது ஒரு பழைய தோல் சப்பாத்து. வாத்தின் அலகு போன்ற முனை; அதன் அடியில் மூன்று துளைகள்.

1996இல், போரால் இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் இருந்தபோது, நிவாரண உடுப்பு மூட்டைக்குள் இதே மாதிரி ஒரு சோடி வந்தது. என்ன சப்பாத்தென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. பாம்புக்குப் பாதுகாப்பாக வயலுக்குப் போட்டுக்கொண்டு போக அப்பா எடுத்தார்.

"அடியிலை ஓட்டையெல்லே? பாம்பு பூந்திடும், வையுங்கோ," என்றார் அம்மா.

"பாம்பென்ன மண்புழுவே?" அப்பா சிரித்தார். ஆனாலும் வைத்துவிட்டு வெறுங்காலோடு போனார். அன்று குதிக்காலில் புடையன் பாம்பு கடித்து இறந்துபோனார்.

"பனிச்சறுக்குப் பலகையில் உள்ள ஊசிகள் பொருந்தத்தான் இந்தத் துளைகள்," என்றார் கடைக்காரர். "இந்த விளையாட்டுக்கு இப்போது ஆட்கள் குறைவு. புதிய சப்பாத்துகளில் துளையே இல்லை."

பேனை முனையை விட்டுப் பார்த்தேன். துளைகள் உள்ளே வரை போகவில்லை.