அக்கா விழுங்காத மாத்திரைகள்

மண்ணெண்ணெய் வாடைதான் முதலில் வரும். எங்கள் தீவில், ரோஸ் பெல் ஊரில், எங்கள் கரும்புத்தோட்டக் குடியிருப்பைச் சுற்றியிருந்த சாக்கடைகளிலும் குட்டைகளிலும் கொசுப்புழு சாகட்டும் என்று அரசாங்க ஆட்கள் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போவார்கள். அது நீரின் மேல் மயில்கழுத்து நிறத்தில் படர்ந்து கிடக்கும். அன்று முழுக்கச் சோற்றிலும் அந்த வாடை அடிப்பதாக அம்மா குறைபட்டுக்கொள்வாள். அவர்கள் ஒழிக்க வந்தது கிரியோலில் "குரோ லிப்யே", பெரிய கால், என்று நாங்கள் சொன்ன நோயை. தமிழில் அதற்கு யானைக்கால் என்று பெயர் என்பதை நான் பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதை அன்றும் பெருமையாகச் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். என்னைவிட எட்டு வயது மூத்த அக்கா, நான் படிக்க வேண்டும் என்பதற்காகவே கரும்பு வயலில் களை பறிக்கப் போனாள்.

அந்த நோயின் குஞ்சுப் புழுக்கள் பகலில் உடம்புக்குள் ஒளிந்திருந்து, இருட்டிய பிறகே மேல் இரத்தத்துக்கு வருமாம். அதனால் நாங்கள் சாப்பிட்டு முடிக்கும் வேளையில் வந்து, விரல்நுனியில் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துப் போனார்கள். எங்கள் வீட்டில் அக்காவின் இரத்தத்தில் மட்டும் புழு இருந்தது. அவளுடைய இடது கணுக்கால் மாலையில் வீங்கிக் காலையில் வடிந்துவிடும் காலம் அது. சேன் பியேரிலிருந்து அவளைப் பெண் கேட்டிருந்தார்கள்; தைப்பூசம் முடிந்ததும் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் கால் சரியாக வேண்டும் என்று பால்குடம் நேர்ந்துகொண்டு, அக்கா பத்து நாள் விரதத்தில் இருந்தாள். அந்த விரதத்தின் நடுவில்தான் மாத்திரை வந்தது.

மாத்திரை கொடுக்க வந்தவர் அவசரத்தில் இருந்தார். பிரெஞ்சில் அச்சடித்த ஒரு தாளை நீட்டி, வீட்டில் படித்தவர் உண்டா என்று கேட்டார். அக்கா என்னை முன்னே தள்ளி, "இவ எல்லாத்தையும் படிச்சிருவா, மிசியே" என்றாள்.

அவர் போனதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் முற்றத்தில் கூடிவிட்டார்கள். "மாம்செல் படிக்கிறாங்க, வாய மூடுங்கடி" என்று டீச்சரம்மாவைச் சொல்வதுபோல அக்கா கேலியாக அதட்டினாள். நான் தாளைப் பிரெஞ்சில் உரக்கப் படித்து, வீட்டில் பேசும் கிரியோலில் விளக்கினேன்: தினம் மூன்று வேளை, சாப்பிட்ட பிறகு, மூன்று வாரம். திருப்பினால் பின்பக்கத்தில் எழுத்து இன்னும் பொடியாக, நெருக்கமாக இருந்தது. முதல் வரியிலேயே தெரியாத சொற்கள். அத்தனை பேர் முன்னால் தடுமாற எனக்கு மனமில்லை. தாளை மடித்து, "அவ்வளவுதான்" என்றேன்.

மாத்திரை தொடங்கிய இரண்டாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் கொதித்தது. தொடையிடுக்கில் நெறி கட்டி, புரண்டு படுக்கவும் முடியவில்லை. "விரதத்துல வெளி மருந்த உள்ள போட்டா சாமி பாத்துக்கிட்டு இருக்குமா?" என்றாள் அம்மா. அக்கா என்னைப் பார்த்தாள். "தங்கச்சி, அந்தத் தாள்ல காய்ச்சல் வரும்னு போட்டிருக்கா?"

"இல்லக்கா" என்றேன். தாளை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப முருகனுக்குத்தான் பிடிக்கல" என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாத்திரைகளை அம்மா வாழையடியில் புதைத்தாள். காய்ச்சல் விட்டது, அதுவே எல்லோருக்கும் சாட்சியாகிவிட்டது. மருந்துக்காரர் மறுபடி வந்தபோது எல்லாம் தின்றாயிற்று என்று சொல்லி அம்மா அவரை அனுப்பிவிட்டாள். சாமி வேண்டாம் என்றுவிட்டதாக நினைத்து அக்கா பால்குடமும் எடுக்கவில்லை. சேன் பியேர்க்காரர்கள் வந்த அன்று அம்மா அவளைப் பாயில் உட்காரவைத்துக் கணுக்காலைச் சேலையால் மூடினாள். வந்த பெண்களில் ஒருத்தி, "எந்திரிச்சுக் கொஞ்சம் தண்ணி கொண்டா, புள்ள" என்றாள். அக்கா எழுந்து நடந்தாள். அவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள், பிறகு வரவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, மேல்பள்ளியில் படிக்கும்போது, பெட்டியடியில் அந்தத் தாள் கிடைத்தது. பின்பக்கத்தில் எனக்குத் தெரியாத சொல் இப்போது ஒன்றுகூட இல்லை. முதல் நாட்களில் காய்ச்சல் வரலாம், நெறி கட்டலாம்; அது புழு சாவதன் அடையாளம்; மாத்திரையை நிறுத்தக் கூடாது. அக்காவின் கால் அதற்குள் தடித்து இறுகிவிட்டிருந்தது. அப்போதே முடித்திருந்தால் தப்பியிருக்கலாம், உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றார் ஒரு மருத்துவர். நான் தாளை அடுப்பில் போட்டேன். அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஆண்டு விடுதலை கிடைத்து நாட்டின் கொடி மாறியது. நான் ஆசிரியையாக இருக்கிறேன். எண்ணெய் ஊற்றுபவர்களும் விரலில் குத்துபவர்களும் எங்கள் தெருவுக்கு வந்து நெடுநாளாகிறது. என் வகுப்புப் பிள்ளைகள் அக்காவின் காலைப் பார்த்தால் அது என்ன என்று கேட்கிறார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு அந்த நோய் அரிதாகிவிட்டதே என்று எனக்கு நிம்மதி. தைப்பூசத்தன்று அக்கா என்னோடு கோவில்வரை வருவாள், வாசலைத் தாண்டமாட்டாள். கால் வலிக்கிறது என்பாள். நானும் அதை நம்பியிருந்தேன்.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதத் தொடங்கினேன். போன ஞாயிறு, என்ன எழுதுகிறாய், படித்துக் காட்டு என்றாள். எதையும் விடாமல் படித்துக் கிரியோலில் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப முருகன் எம்மேல கோவிக்கல" என்றாள். "இத்தன வருசமா வெளியிலயே நின்னேனே."