பதினோரு சர்வீஸ், ஒரே பேனா

என் முதல் பழைய காரை நானே தேடி, நானே பேரம் பேசி, நானே வாங்கினேன். மூன்றாவது வாரம் செகந்திராபாத் தார்நாகா சிக்னலில் நின்றது. நின்றது நின்றதுதான். மெக்கானிக் சீட்டைக் கழற்றிக் காட்டினார். அடியில் காய்ந்த சேறு. எப்போதோ ஒரு மழையில் கழுத்தளவு தண்ணீரில் கிடந்த வண்டியாம். வாங்கும்போது நாற்றம் வரவில்லையா என்று கேட்டார். வந்தது. ஏதோ உயர்ந்த ரக சென்ட் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருந்தேன். இந்த சென்ட் விஷயத்தை மட்டும் மனைவியிடம் சொல்லவில்லை.

என் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். அமீர்பேட்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். அதாவது, பிறர் செய்ததில் ஓட்டை கண்டுபிடிப்பது எப்படி என்று பாடம்.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு கார் தேட வேண்டிவந்தது, மனைவியின் முதுகுக்காக. அவளுக்கு ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டது. என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஆறு மாதம் குலுங்கிய பிறகு, ஸ்கூட்டரா முதுகா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றார் டாக்டர். நம்பி ஏற ஒரு கார் கிடைக்காவிட்டால் அவள் வேலையை விட வேண்டும். ஆகவே இந்த முறை அவளும் கூட வந்தாள். எனக்கு வாக்குரிமை இல்லை. பார்வையாளர் அந்தஸ்து மட்டும்.

ஹப்சிகுடாவில் வீடு. கார்க்காரர் ஓய்வுபெற்ற இயற்பியல் லெக்சரர். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம். தமிழ் பேசினால் நடுவில் சார்மினார் எட்டிப் பார்க்கும்: ஏன் என்பதற்கு கைக்கு, ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ. கார் பளபளத்தது. எனக்கு அப்போதே சந்தேகம். சர்வீஸ் விவரம் கேட்டோம். பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை, பிரசாதம் போல இரு கையாலும் நீட்டினார்.

சிவப்பு மையில் கோடு போட்ட கட்டங்கள். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, மெக்கானிக் கையெழுத்து. எட்டு வருடத்தில் பதினோரு சர்வீஸ். முத்து முத்தான ஒரே கையெழுத்து, ஒரே நீல மை. மெக்கானிக்கின் பதினோரு கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு.

"எந்திரி, போயிரலாம்," என்று மனைவியின் காதில் சொன்னேன். "இது ஒரே மூச்சில எழுதினது. நூறு சதவீதம் தண்ணி வண்டி."

அவள் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மெல்ல நழுவி, கார்க் கதவைத் திறந்து, முழங்காலிட்டு, சீட்டுக்கு அடியில் தலையை விட்டு ஆழமாக மூச்சிழுத்தேன்.

"கைக்கு சார், என்ன தேடறீங்க?" பின்னாலிருந்து லெக்சரரின் குரல்.

"சாவி விழுந்துருச்சு சார்."

"சாவி என் கையிலதானே இருக்கு?"

நல்ல வேளை, மனைவி குறுக்கிட்டாள். "சார், இந்த நோட்டு எப்ப எழுதினது?"

"போன வாரம்மா!" அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "பில்லெல்லாம் கிரீஸ் கறை, பார்க்கவே கண்றாவி. அதான் நீட்டா ரெக்கார்டு போட்டேன். மெக்கானிக்கை ஸ்டூல் போட்டு உட்கார வெச்சு பதினோரு கையெழுத்தும் வாங்கிட்டேன்."

பிராக்டிகல் பரீட்சைக்கு முந்தின நாள் நாங்கள் ரெக்கார்டு நோட்டில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கினோமே, அதே வழி. வாழ்நாள் முழுக்க அவர் அப்படிக் கையெழுத்துப் போட்டவர். இப்போது முதல் முறையாக வாங்கியிருக்கிறார்.

"எங்க மருந்துக் கம்பெனியில இப்படிச் செஞ்சா வேலை போயிரும் சார்," என்றாள் மனைவி.

"சுத்தமா எழுதினதுக்கா?"

"சுத்தமா எழுதினதுக்குத்தான். வேலை நடந்த அன்னிக்கே எழுதினதுதான் ரெக்கார்டு. பழைய பில்லு இருக்கா?"

"ஹவ், இருக்கு. ஆனா அது கந்தல்மா. நக்கோ."

"அந்தக் கந்தல்தான் வேணும்."

ஜவுளிக்கடைப் பையில் கந்தல் வந்தது. அவள் போர்ட்டிகோ தரையில் உட்கார்ந்து தேதி வாரியாக அடுக்கினாள். காற்றில் பறக்காமல் பில்களை அமுக்கிப் பிடிப்பது என் வேலை. பார்வையாளரிலிருந்து பேப்பர் வெயிட்டாகப் பதவி உயர்வு. எண்ணி முடித்தாள்: பன்னிரண்டு. ஒன்று நோட்டில் இல்லாதது.

"நான் சொல்லல?" என்று துள்ளினேன். "ஆகஸ்ட் மாசத்து பில்லு, மழைக்காலம்! எவ்வளவு தண்ணி சார்? டயர் வரைக்குமா, சீட்டு வரைக்குமா?"

லெக்சரர் வீட்டு வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்தார். "தண்ணி இல்ல சார். கேட்டு."

நான்கு வருடத்துக்கு முன் ரிவர்ஸ் எடுக்கும்போது, சொந்த வீட்டு கேட்டில் இடித்திருக்கிறார். தண்ணீர் கேன் போடுகிற ஆட்டோ இடித்துவிட்டது என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். "அவ அன்னிக்கே அந்த ஆட்டோவை நிறுத்திட்டா சார். அதுலேர்ந்து தெருமுனையிலிருந்து கேனை நான்தான் தூக்கிட்டு வரேன்."

என் மனைவி பில்லைப் படித்தாள். பம்பர், பின் விளக்கு, பெயின்ட். எழுந்து போய், கேட்டில் பெயின்டுக்கு அடியில் இருந்த நெளிசலையும் பம்பரின் உயரத்தையும் சாண் போட்டு அளந்தாள். சரியாக இருந்தது. மறுநாள் எங்கள் மெக்கானிக் வந்து சீட்டைக் கழற்றிப் பார்த்தார். சேறு இல்லை, ஒரு கடலை மிட்டாய் மட்டும் கிடைத்தது.

வாங்குவதற்கு அவள் போட்ட ஒரே நிபந்தனை, விட்டுப்போன அந்த பில்லையும் அவர் நோட்டில் ஏற்றி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பதுதான்.

"கேட்டுன்னு எழுதினா போதுமாம்மா?"

"யாரு ஓட்டினதுன்னும் எழுதணும் சார்."

வாழ்நாளின் மிகச் சிறிய எழுத்தில் எழுதினார். "நோட்டை நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க," என்று என் கையில் திணித்தபோது, அரியர் எல்லாம் ஒரே செமஸ்டரில் தீர்ந்த பையனின் முகம்.

வண்டி எடுக்கும் நாளில் லெக்சரரின் மனைவி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். ஸ்டீயரிங்கில் என் மனைவி. பின்னால் நின்று கை காட்டுவது நான்.

"மெதுவாம்மா," என்றார் அந்த அம்மா. "இந்தக் கேட்டுல இவரே ஒரு தடவை இடிச்சிருக்கார்."

லெக்சரர் வானத்தைப் பார்த்தார்.

"ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் என் மனைவி.

"அன்னிக்கே தெரியும். இல்லாட்டி எதுக்கு இவரு தண்ணி தூக்கறாரு? என்னிக்கு உண்மையைச் சொல்றாரோ, அன்னிக்கு ஆட்டோவைக் கூப்பிடலாம்னு இருக்கேன்."

கேட்டை உரசாமல் வண்டி வெளியே வந்தது. நான் ஏறி, நோட்டை மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் மனைவி சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "ஏங்க, அந்த நோட்டுல நீங்க ஏதாச்சும் சேர்த்து எழுதணுமா?"

"நக்கோ," என்றேன்.

எங்கள் வீட்டில் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் கேன் தூக்குவது நான்தான். முன்பெல்லாம் கடை ஆளே மேலே கொண்டுவந்து வைப்பார். எப்போது நின்றது என்று அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். முதல் கார் சிக்னலில் நின்ற அதே வாரம்.