வலுவிழந்த புயலும் வேலம்மாள் அக்காவும்

மேகமலையிலிருந்து சின்னமனூருக்கு இறங்கி வந்த எஸ்டேட் ஜீப் டிரைவர்தான் சொன்னார்: "வேலம்மா அக்கா போயிட்டாக. காய்ச்சலு." எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எந்த வீடு வேண்டாம் என்று அந்தத் தேயிலைத் தொழிலாளி வருடக்கணக்கில் கத்தினாரோ, அந்த வீட்டிலேயே உயிர் போயிருக்கிறது.

அவரை அறிந்த உங்களுக்கு அந்தப் புயலும் நினைவிருக்கும். கடலில் தாழ்வு மண்டலமாகப் பிறந்து புயலாக வளர்ந்ததையெல்லாம் ரேடியோவில் கேட்டோம். சரிவுக்கு அடியில் எஸ்டேட் வரிசையாகக் கட்டிவிட்டிருந்த லைன் வீட்டு ஜனங்கள் கூரைத் தகரத்தின்மேல் கல்லை ஏற்றிவிட்டு, மேட்டிலிருந்த தேயிலை ஃபேக்டரியில் போய்த் தங்கினார்கள். மறுநாள் காலை, புயல் கரையைக் கடந்து வலுவிழந்தது என்று செய்தி. காற்றும் அடங்கியிருந்தது. காற்று நின்றால் புயல் போயிற்று என்பதுதான் அங்கே எல்லோருடைய கணக்கும். வீடு திரும்பி, கல்லை இறக்கி, அடுப்பு மூட்டினார்கள். மத்தியானம் மலையில் முட்டிய மேகம் கொட்டித் தீர்த்தது. சரிவு மண் இறங்கிக் கடைசி வீட்டை மூடியது. உள்ளே சோறு பொங்கிக்கொண்டிருந்த அக்காவின் தங்கை பேச்சியம்மாள் பிழைக்கவில்லை.

சின்னமனூரில் நான் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் நடத்திவந்தேன். மண் காய்வதற்குள் அக்கா வந்து நின்றார். "தம்பி, லைனை மேட்டுல கட்டித் தரச் சொல்லி ஒரு மனு அடி."

அடித்ததைப் படித்துக் காட்டினேன். 'பணிவுடன்' என்ற இடத்தில் நிறுத்தினார். "செத்தது என் தங்கச்சி. நான் எதுக்குப் பணியணும்?" வேறு தாளில் அடித்தேன்.

தாலுகா ஆபீஸ் அதிகாரி மனுவை முழுதாகப் படிக்கவில்லை. "புயல் பாதிச்ச ஊருக்குத்தாம்மா புது வீடு. அது கரையிலேயே செத்துப்போச்சு. உங்க பக்கம் பெஞ்சது வெறும் மழை."

"பொறந்ததைச் சொன்னாக, வளந்ததைச் சொன்னாக, செத்ததையும் சொன்னாக. செத்தது எங்க மலை வரைக்கும் எப்படி சார் வந்துச்சு?"

அவர் மனுவை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எஸ்டேட்காரர்களோ இன்னும் கெட்டிக்காரர்கள். மண் மூடிய வீட்டை அதே இடத்தில் திரும்பக் கட்டி, வெள்ளையடித்து, அக்காவுக்கே ஒதுக்கினார்கள். வேலையை விட்டால்தான் அந்த வீட்டை விடமுடியும்.

ஐப்பசி தோறும் மனுவோடு போனோம். அதிகாரிகள் மாறினார்கள், பதில் மாறவில்லை. ஒருமுறை சலித்துப்போய், "விடுங்கக்கா, சுவரோட பேசிக்கிட்டிருக்கோம்" என்றேன். "சுவராச்சும் மழைக்கு எளகும் தம்பி. இவுக எளக மாட்டாக" என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாகப் படியேறினார்.

அடக்கத்தன்று மலையில் நல்ல மழை. லைனுக்குள் தண்ணீர் புகுந்ததால், உடலை மேட்டுக்குத் தூக்கிப்போய் ஃபேக்டரி வராந்தாவில் கிடத்தியிருந்தார்கள். உயிரோடு இருந்தவரை அவருக்குக் கிடைக்காத மேடு.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கோபத்தை மட்டும்தான். 'வலுவிழந்தது' என்று ரேடியோ சொன்னால் இப்போதெல்லாம் மலையை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். கடைசி வீட்டுக்கு வேறொரு குடும்பம் வரப்போகிறதாம். இந்த ஐப்பசிக்கான மனுவை அடித்துவிட்டேன். அதில் 'பணிவுடன்' இல்லை. அக்கா கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருக்கிறது, நீங்கள் வந்து போடுங்கள்.